மழை அறிவிப்பைப் படிப்பது எப்படி? தமிழ்நாட்டு மழை வகைகளும் முன்னறிவிப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மழை வருமா என்ற கேள்விக்கான விடை, வரப்போவது எந்த வகை மழை என்பதைப் பொறுத்தது. வங்கக்கடலில் உருவாகும் தாழ்வு மண்டலத்தின் மழையை நான்கைந்து நாள் முன்பே சொல்லிவிடலாம். மே மாத மாலை இடிமழை எந்த ஊரில் விழும் என்பதை ஒன்றிரண்டு மணி நேரம் முன்புதான் சொல்ல முடியும். இந்த வேறுபாடு மேகத்துக்குள் துளி வளரும் விதத்திலேயே தொடங்குகிறது. அதனால் கீழே உள்ள பதில்களில் மழை உருவாகும் விதமும் அறிவிப்பைப் படிக்கும் முறையும் கலந்தே வரும்.

"ஓரிரு இடங்களில் மழை" என்றால் எங்கள் ஊருக்கு உண்டா, இல்லையா?

இந்தச் சொற்களுக்குப் பின்னால் இந்திய வானிலை ஆய்வுத் துறை வைத்திருக்கும் கணக்கு உண்டு. ஒரு பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் 25 சதவீதம் வரை மழை பெற்றால் அது "ஓரிரு இடங்கள்". 26 முதல் 50 சதவீதம் என்றால் "சில இடங்கள்", 51 முதல் 75 வரை "பல இடங்கள்", அதற்கு மேல் "பெரும்பாலான இடங்கள்". குறைந்தது 2.5 மி.மீ. பதிவான நிலையம்தான் இந்தக் கணக்கில் சேரும். நாலு தூறல் விழுந்த ஊர் மழை பெற்ற ஊராக எண்ணப்படாது.

அறிவிப்பில் பெரும்பாலும் இரண்டு பகுதிகள் இருக்கும்: "பல இடங்களில் லேசானது முதல் மிதமான மழையும், ஓரிரு இடங்களில் கனமழையும் பெய்யக்கூடும்." தொலைக்காட்சித் தலைப்பில் இரண்டாவது பகுதி மட்டும் வரும். உங்கள் ஊருக்கு நடக்க அதிக வாய்ப்புள்ளது முதல் பகுதி. அதற்காக இரண்டாவதை ஒதுக்கிவிடவும் கூடாது. அந்த ஓரிரு இடங்களில் ஒன்றாக உங்கள் ஊர் அமைந்தால் தெருவில் தண்ணீர் நிற்கும். மாநிலத்துக்கான வரியைப் படித்துவிட்டு நிறுத்தாமல், அதன் கீழே வரும் மாவட்டப் பட்டியலையும் பார்க்க வேண்டும். தமிழ்நாடு, புதுச்சேரி, காரைக்கால் மூன்றும் சேர்ந்து ஒரே வானிலை உட்பிரிவு. அவ்வளவு பெரிய பரப்புக்குச் சொல்லும் வரி ஒரு வட்டத்துக்குப் பொருந்த வேண்டும் என்பதில்லை.

லேசான மழை, மிதமான மழை, கனமழை: எத்தனை செ.மீ.?

24 மணி நேரத்தில் 2.5 முதல் 15.5 மி.மீ. வரை லேசான மழை. 15.6 முதல் 64.4 வரை மிதமான மழை. 64.5 முதல் 115.5 வரை கனமழை, 115.6 முதல் 204.4 வரை மிக கனமழை, 204.5 மி.மீ. தொட்டால் அதி கனமழை. சுருக்கமாக நினைவில் வைக்க: ஆறரை, பதினொன்றரை, இருபதரை செ.மீ.

"மிதமான" என்ற பிரிவு எவ்வளவு அகலமானது என்று பாருங்கள். ஒன்றரை செ.மீ. மழையும் ஆறு செ.மீ. மழையும் அதற்குள் அடக்கம். அதைவிட முக்கியம், இவை எல்லாம் நாள் முழுவதற்குமான அளவுகள். 5 செ.மீ. மழை பத்து மணி நேரம் நிதானமாகப் பெய்தால் நிலம் குடித்துவிடும். அதே 5 செ.மீ. நாற்பது நிமிடத்தில் கொட்டினால் சுரங்கப்பாதையில் வண்டி நிற்கும். இரண்டுக்கும் அறிவிப்பில் பெயர் மிதமான மழைதான். நகரத்தில் இருப்பவர்கள் அளவோடு சேர்த்து "இடி மின்னலுடன்" என்ற சொல் இருக்கிறதா என்று பார்ப்பது அதனால்தான் அவசியம். இடிமழை குறுகிய நேரத்தில் கொட்டும் மழை.

மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை மழை அளவைக் குறிக்கிறதா?

நேரடியாக இல்லை. பச்சைக்கு எச்சரிக்கை எதுவும் கிடையாது. மஞ்சள் என்றால் நிலவரத்தைக் கவனித்து வர வேண்டும். ஆரஞ்சு என்றால் தயாராக இருக்க வேண்டும். சிவப்பு என்றால் நடவடிக்கை எடுக்க வேண்டும். நிறத்தை முடிவு செய்யும்போது மழை அளவோடு, அது நடப்பதற்கான வாய்ப்பும், நடந்தால் அந்த இடத்துக்கு ஏற்படும் பாதிப்பும் சேர்த்து எடைபோடப்படும். ஏற்கெனவே ஏரிகள் நிறைந்து மண் ஊறிக் கிடக்கும் மாவட்டத்துக்கு, குறைந்த மழைக்கே ஆரஞ்சு வரலாம். சிவப்பு அறிவித்த மாவட்டத்தில் எல்லா ஊரிலும் 20 செ.மீ. பெய்யும் என்று பொருள் இல்லை.

மேகத்தில் உள்ள நீர் எப்படி மழைத்துளியாகிறது?

மேகத்துளியின் விட்டம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. சாதாரண மழைத்துளி 2 மி.மீ. கணக்குப் போட்டால் ஒரு மழைத்துளிக்குப் பத்து லட்சம் மேகத்துளிகள் வேண்டும். மேகத்துளி நொடிக்கு ஒரு செ.மீ. வேகத்தில்தான் விழும். ஒரு கிலோமீட்டர் இறங்க ஒரு நாளுக்கு மேல் ஆகும், அதற்குள் ஆவியாகிவிடும். ஆகவே மேகம் கறுத்திருப்பது மட்டும் போதாது, துளிகள் சேர்ந்து பெருக்க ஒரு வழி வேண்டும். இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி மோதிச் சேர்தல். எல்லாத் துளிகளும் ஒரே அளவில் இருந்தால் ஒரே வேகத்தில் விழும், ஒன்றை ஒன்று தொடாது. சில துளிகள் சற்றுப் பெரிதாக இருந்தால் அவை வேகமாக விழுந்து, வழியில் உள்ள சின்னத் துளிகளைத் தம்மோடு சேர்த்துக்கொள்ளும். கடல் அலை தெறிப்பில் எழும் உப்புத் துகள்கள் இந்தப் பெரிய துளிகளுக்கு வித்தாக அமைகின்றன. கடலோரத்தில், அதிக உயரமில்லாத மேகம்கூட அரை மணி நேரத்துக்குள் மழை கொடுப்பது இதனால்தான். இதில் பனிக்கட்டிக்கு எந்தப் பங்கும் இல்லை. வெப்பமண்டலக் கடல்களின் மேல் இந்த வகை மழை மிகுதி.

இரண்டாவது வழி பனிப்படிகம். தமிழ்நாட்டின் மேல் ஏறத்தாழ நாலரை முதல் 5 கி.மீ. உயரத்தில் வெப்பநிலை 0 டிகிரிக்கு இறங்கும். அதற்கு மேலே போனதும் நீர் உடனே உறைந்துவிடாது. உறைவதற்கு ஏற்ற துகள் கிடைக்காத துளிகள் மைனஸ் 10, மைனஸ் 20 டிகிரியிலும் நீராகவே மிதக்கும். துகள் இல்லாமல் தானாக உறைய மைனஸ் 38 டிகிரி அளவுக்குக் குளிர வேண்டும். அந்தக் குளிர்நீர்த் துளிகளுக்கு நடுவே ஒரு பனிப்படிகம் தோன்றினால், ஈரம் துளியிலிருந்து படிகத்துக்கு நகரும். காற்று ஈரத்தால் நிறைந்திருக்கும்போது உள்ள ஆவியழுத்தத்தைப் பூரித ஆவியழுத்தம் என்பார்கள்; நீருக்கு மேல் இருக்கும் அந்த அழுத்தத்தைவிடப் பனிக்கு மேல் இருக்கும் அழுத்தம் குறைவு என்பதே காரணம். மைனஸ் 10 டிகிரியில் இந்த வேறுபாடு ஏறத்தாழ 10 சதவீதம். துளிகள் சுருங்க, படிகம் பெருத்து, கனத்து, கீழே விழுந்து, 5 கி.மீ.க்குக் கீழே உருகி மழையாகும். மே மாத இடிமழையில் சட்டென்று முகத்தில் அறையும் பெரிய துளிகளில் பல, சில நிமிடங்களுக்கு முன்பு பனிக்கட்டியாக இருந்தவை.

துளியின் வடிவம் பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். படங்களில் வரைவது போல் மேலே கூர்மையாக இருக்காது. சின்னத் துளி உருண்டை. 2 மி.மீ. தாண்டினால் காற்றின் எதிர்ப்பில் அடிப்பக்கம் தட்டையாகி இட்லி போல ஆகும். ஐந்தாறு மி.மீ.யை நெருங்கினால் உடைந்துவிடும்.

ஆலங்கட்டி மழை ஏன் கோடையில் மட்டும், அதுவும் சில ஊர்களில் மட்டும்?

மார்ச் முதல் மே வரை தரை கடுமையாகச் சூடாகிறது. மேல் அடுக்குகளில் ஒப்பீட்டளவில் குளிர்ந்த, வறண்ட காற்று இருக்கும். அப்போது கார்திரள் மேகத்துக்குள் (உயர்ந்து வளரும் இடிமேகம்) காற்று மிக வேகமாக மேலெழும். மேலே போன பனித்துகள் மீது குளிர்நீர்த் துளிகள் ஒட்டி உறைந்து அடுக்கடுக்காகக் கட்டி வளரும். இரண்டரை செ.மீ. கட்டியைத் தாங்கிப் பிடிக்க மணிக்கு 80 கி.மீ. அளவில் மேல்நோக்கிய காற்று தேவை. காற்று தாங்க முடியாத எடை வந்ததும் விழும்.

விழும் வழியில் நாலைந்து கி.மீ. வெப்பக்காற்றைக் கடக்க வேண்டும். சின்னக் கட்டிகள் முழுவதும் உருகிவிடும். ஓசூர் போன்ற ஊர்கள் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் உருகும் வழி குறைகிறது. கட்டி தரையைத் தொடும் வாய்ப்பு கூடுகிறது. நீலகிரிக்கும் இதுவே பொருந்தும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை காற்றில் ஈரம் இருந்தாலும் மேலெழும் வேகம் பெரும்பாலும் போதாது, அதனால் ஆலங்கட்டி அரிது.

விவசாயிகளுக்கு ஒரு குறிப்பு. பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்ட விதிப்படி, ஆலங்கட்டியால் தனிப்பட்ட வயலில் ஏற்பட்ட சேதத்தை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். உங்கள் மாவட்டத்துக்கும் பயிருக்கும் அந்தப் பருவத்தில் இந்தப் பிரிவு சேர்க்கப்பட்டுள்ளதா என்பதை வேளாண் அலுவலரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். சேதத்துக்குப் பிறகு கேட்டால் அந்த மூன்று நாள் கைநழுவிப் போகும்.

"வெப்பச்சலனம் காரணமாக" என்று அறிவிப்பில் வருகிறதே, அது என்ன?

சூடான தரை தன்மேல் உள்ள காற்றைச் சூடாக்க, அது மேலெழுந்து மேகமாகும் நிகழ்வு. ஆனால் வெயில் அடித்தால் மட்டும் மழை வந்துவிடாது. கீழ் அடுக்கில் ஈரம் வேண்டும், மேலெழத் தூண்டும் ஏதோ ஒன்றும் வேண்டும். சென்னைக்கு அந்தத் தூண்டுதல் பல நாட்களில் கடற்காற்று. முற்பகல் 11 மணிக்கும் பிற்பகல் 1 மணிக்கும் இடையே அது தரையேறினால் வெப்பம் அடங்கும். தாமதமானால் 40 டிகிரியைத் தாண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் பிற்பகலில் உருவாகும் இடிமேகங்களை மேலடுக்கு மேற்குக் காற்று கடற்கரை நோக்கித் தள்ளும். அவை கடற்காற்றின் முகப்பைச் சந்திக்கும் இடத்தில் புது உயிர் பெறும். சென்னையில் இரவு ஏழெட்டு மணி இடிமழை பெரும்பாலும் இந்த வழியில் வருவதுதான்.

ஒரு தனி இடிமேகத்தின் ஆயுள் ஏறத்தாழ ஒரு மணி நேரம். குறுக்களவு ஐந்து முதல் பத்து கி.மீ. மழை விழத் தொடங்கியதும், துளிகள் ஆவியாகிக் காற்றைக் குளிர்வித்துக் கீழே தள்ளும். மழைக்கு முன் திடீரென்று வீசும் குளிர்ந்த காற்று இதுதான். அந்தக் குளிர்காற்று தரையில் பரவி, தாய் மேகத்துக்குப் போகும் சூடான ஈரக்காற்றைத் துண்டித்துவிடும். அதே நேரத்தில் சில கிலோமீட்டர் தள்ளி உள்ள காற்றைத் தூக்கிப் புதிய மேகத்தை எழுப்பும். தாம்பரத்தில் கொட்டி அண்ணா நகரில் ஒரு சொட்டு விழாமல் போவதும், சற்று நேரத்தில் நிலைமை மாறுவதும் இந்தக் காரணத்தால். வானிலையைக் கணக்கிட்டுச் சொல்லும் எந்தக் கணினி மாதிரியும் இதை முந்தைய நாளே ஊர் பெயரோடு சொல்லாது.

வடகிழக்குப் பருவமழை ஏன் கடலோரத்தில் இரவிலும் விடியலிலும் அதிகம்?

இரவில் தரை குளிரும், கடல் வெதுவெதுப்பாகவே இருக்கும். தரையிலிருந்து கடல் நோக்கி நகரும் மெல்லிய காற்று, வங்கக்கடலிலிருந்து வரும் கிழக்குக் காற்றைக் கரைக்கு அருகில் சந்திக்கிறது. அங்கே காற்று குவிந்து மேலெழ, கடல்மேல் மேகக் கூட்டங்கள் உருவாகிக் கரைக்கு வரிசையாக வரும். பகலில் தரை சூடானதும் மழை உள்மாவட்டங்களுக்கு நகர்வதைப் பார்க்கலாம்.

இந்த மேகங்களில் பல உயரம் குறைந்தவை. முதலில் சொன்ன மோதிச் சேரும் வழியில் மழை தருபவை. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். இன்சாட் செயற்கைக்கோளின் அகச்சிவப்புப் படம் மேகத்தின் உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதைக் காட்டும். உயர்ந்த மேகம் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். தாழ்ந்த மேகம் மங்கலாகத் தெரியும். நவம்பர் காலையில் படம் வெறிச்சோடி இருக்கும், வெளியே மழை கொட்டும். அதற்கு நேர்மாறாக, படத்தில் வெள்ளை அடர்ந்திருந்தும், அது பழைய இடிமேகங்களின் உச்சி பரந்து மிச்சமான கீற்று மேகமாக இருந்து, மழையே இல்லாமலும் போகும். வடகிழக்குப் பருவத்தில் செயற்கைக்கோள் படத்தைவிட ரேடாரை நம்புவது நல்லது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை தமிழ்நாட்டின் சராசரி மழை ஏறத்தாழ 44 செ.மீ., ஆண்டு மழையில் பாதிக்குச் சற்றுக் குறைவு. 2023 டிசம்பர் 18 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் மட்டும் 95 செ.மீ. பெய்தது. மூன்று மாதச் சராசரியைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். இப்படிப்பட்ட மாநிலத்தில் பருவ சராசரியை வைத்து எந்த ஒரு நாளையும் எடைபோடக் கூடாது.

அவலாஞ்சியில் கொட்டும்போது கோவை ஏன் காய்கிறது?

தென்மேற்குக் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேலே ஏறும்போது குளிர்ந்து, ஈரத்தை மேற்குச் சரிவிலும் உச்சியிலும் இறக்கிவிடுகிறது. 2019 ஆகஸ்ட் மாதத்தில் நீலகிரி அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் பதிவானது. தேவாலா, பந்தலூர், வால்பாறையை ஒட்டிய சின்னக்கல்லாறு ஆகியவையும் இதே அமைப்பால் மழை மிகுந்த இடங்கள். கிழக்கே இறங்கும் காற்று அமுங்கிச் சூடாகி வறள்கிறது. அதனால் பல்லடம், திருப்பூர்ப் பக்கம் மேகம் ஓடும், காற்று வீசும், மழை மட்டும் இருக்காது. "கோவை மாவட்டத்தில் கனமழை" என்று ஜூலையில் அறிவிப்பு வந்தால், அது பெரும்பாலும் அதன் மலைப்பகுதிகளுக்கானது.

ஊட்டியில் ஜனவரியில் விழுவது பனிப்பொழிவா?

இல்லை. பனிப்பொழிவு என்பது மேகத்தில் உருவான படிகங்கள் உருகாமல் தரைக்கு வருவது. ஊட்டியில் காண்பது உறைபனி. அது மேலிருந்து விழுவதில்லை, புல்லின் மேலேயே உருவாகிறது. மேகமில்லாத, காற்றில்லாத இரவில் புல் தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்து 0 டிகிரிக்குக் கீழே போகும். அருகில் உள்ள ஈரம் நேராகப் படிகமாகப் படியும். வானிலை நிலையத்தின் வெப்பமானி தரையிலிருந்து ஒன்றேகால் மீட்டர் உயரத்தில், கூண்டுக்குள் இருப்பதால் அது 3 அல்லது 4 டிகிரி காட்டும்போதே புல் உறைந்திருக்கலாம். தேயிலை, காய்கறி பயிரிடுபவர்கள் "குறைந்தபட்சம் 4 டிகிரி" என்ற அறிவிப்பைக் கண்டு நிம்மதி அடையக் கூடாது. குளிர்ந்த காற்று கனமானது, பள்ளத்தில் தேங்கும். தலைக்குந்தா, காந்தல் போன்ற தாழ்வான இடங்களில் முதலில் உறைவது அதனால்தான். இரவில் மேகம் வந்தாலோ காற்று எழுந்தாலோ உறைபனி இருக்காது.

கனடாவில் இருக்கும் உறவினர்கள் சொல்லும் உறைமழை இங்கே வராதா?

வராது. அதற்குத் தரையை ஒட்டி 0 டிகிரிக்குக் கீழான மெல்லிய குளிர் அடுக்கும், அதற்கு மேலே வெப்பமான அடுக்கும் வேண்டும். மேலிருந்து வரும் பனி வெப்ப அடுக்கில் உருகி, கீழ் அடுக்கில் உறைய நேரமில்லாமல், தொடும் மரத்தின் மீதும் மின்கம்பி மீதும் கண்ணாடிப் படலமாக உறையும். 2013 டிசம்பரில் டொராண்டோவில் பல நாள் மின்சாரம் இல்லாமல் போனது இப்படித்தான். கீழ் அடுக்கு தடிமனாக இருந்தால் துளி வழியிலேயே உறைந்து பனிமணிகளாக விழும். மழை, உறைமழை, பனிமணி, பனிப்பொழிவு என்ற நாலில் எது என்பதை ஒன்றிரண்டு டிகிரி வேறுபாடு தீர்மானிப்பதால், அங்கே அறிவிப்பாளர்களுக்கு அது கடினமான வேலை.

தாழ்வுப் பகுதி, தாழ்வு மண்டலம், புயல்: எது பெரிய மழை தரும்?

இந்தப் பெயர்கள் காற்றின் வேகத்துக்கானவை, மழைக்கானவை அல்ல. மணிக்கு 31 கி.மீ.க்குக் கீழே காற்றழுத்த தாழ்வுப் பகுதி. 31 முதல் 49 வரை தாழ்வு மண்டலம். 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62 தொட்டால் புயல், பெயர் சூட்டப்படும். 89க்கு மேல் தீவிர புயல், 118க்கு மேல் மிகத் தீவிர புயல்.

வேகமாக நகரும் புயல் சில மணி நேரத்தில் கடந்துபோகும். நகராமல் நிற்கும் வெறும் சுழற்சி நாள் முழுக்கக் கொட்டும். 2023 டிசம்பரில் தென்மாவட்டங்களை மூழ்கடித்தது புயல் அல்ல. வளிமண்டலக் கீழடுக்குச் சுழற்சி. 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் 49 செ.மீ. பெய்தபோதும் பெயர் வைத்த புயல் எதுவும் இல்லை. அறிவிப்பில் புயல் என்ற சொல் இல்லாததைக் கண்டு ஏரிக்கரையில் இருப்பவர்கள் அலட்சியமாக இருந்துவிடக் கூடாது. "மெதுவாக நகரும்", "அதே பகுதியில் நிலைகொண்டுள்ளது" என்ற சொற்கள்தான் கவனிக்க வேண்டியவை.

கைபேசிச் செயலியில் "60%" என்று காட்டுகிறது. ஆனால் மழையே இல்லையே?

60 சதவீதம் என்பது அளவையும் சொல்லாது, நேர நீளத்தையும் சொல்லாது. அந்த இடத்தில் அந்த நேரத்துக்குள் அளக்கக்கூடிய மழை ஏதாவது பெய்ய உள்ள வாய்ப்பு மட்டுமே. பத்து முறை அப்படிச் சொன்னால் நாலு முறை பெய்யாமல் இருப்பது சரியான கணக்கு.

பல செயலிகள் மனிதர் பார்வையில்லாமல் உலகளாவிய மாதிரியின் எண்களை அப்படியே தருகின்றன. மாதிரி பூமியின் பரப்பைக் கட்டம் கட்டமாகப் பிரித்தே கணக்கிடும்: ஐரோப்பிய மாதிரியின் கட்டம் 9 கி.மீ., அமெரிக்க மாதிரியின் கட்டம் 13 கி.மீ. அளவில். அந்தக் கட்டத்துக்குள் அடங்கிவிடும் இடிமேகத்தை மாதிரி நேரடியாகப் பார்ப்பதில்லை, சராசரியாக ஊகிக்கிறது. செயலி "மாலை 5 மணிக்கு மழை" என்று மணிக்கணக்கில் காட்டுவது துல்லியம் போலத் தோன்றும். கோடையில் அதை "பிற்பகலுக்குப் பின் எப்போதாவது, சுற்றுவட்டாரத்தில் எங்காவது" என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மாதிரி ஒரே ஒருமுறை கணக்கிட்டுத் தந்த மழைப்படத்தைப் பார்த்து முடிவெடுக்கவும் வேண்டாம். ஐரோப்பிய மையம் தொடக்க நிலையைச் சற்றே மாற்றி மாற்றி 51 முறை கணக்கிடுகிறது. அமெரிக்க மையம் 31 முறை. அவற்றில் பெரும்பாலானவை ஒரே இடத்தைக் காட்டினால் நம்பலாம். ஓங்கோலிலிருந்து நாகப்பட்டினம் வரை சிதறிக் கிடந்தால், பகிரப்படும் பயமுறுத்தும் ஒற்றைப் படத்துக்கு மதிப்பில்லை.

எத்தனை நாள் முன்னறிவிப்பை நம்பலாம்?

தாழ்வு மண்டலம் உருவாகுமா, எந்தக் கடற்கரையை நோக்கி வரும் என்பதை நான்கைந்து நாள். எந்த மாவட்டங்களில் கனமழை என்பதை இரண்டு மூன்று நாள். எந்த ஊரில் இடிமழை என்பதை ஒன்று முதல் மூன்று மணி நேரம். வானிலை மையம் மாவட்டவாரியாக வெளியிடும் "அடுத்த 3 மணி நேரத்துக்கு" என்ற அறிவிப்பு இதற்காகவே. பதினைந்தாம் நாளுக்கான மழைச் சின்னத்தை வைத்துக் கல்யாணப் பந்தல் பற்றி முடிவு செய்யாதீர்கள்.

இந்த எல்லைகளுக்குள்ளும் தவறும். 2021 டிசம்பர் 30 அன்று லேசான மழையே எதிர்பார்க்கப்பட்ட சென்னையில் பிற்பகலிலிருந்து கொட்டித் தீர்த்து, எம்.ஆர்.சி. நகரில் 17 செ.மீ.க்கு மேல் பதிவானது. கடலுக்குள் இருக்கும் என்று மாதிரிகள் காட்டிய சுழற்சி கரையை ஒட்டி வந்ததும், மேகங்கள் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எழுந்ததும் காரணம். மழைப்பட்டை 20 கி.மீ. தள்ளி விழுந்தால் மாதிரிக்கு அது சிறு பிழை. கடற்கரை நகரத்துக்கு அதுதான் வெள்ளத்துக்கும் வறண்ட நாளுக்கும் உள்ள வித்தியாசம்.

ரேடார் படத்தை நாமே பார்த்து மழை வரும் நேரத்தைக் கணிக்கலாமா?

கணிக்கலாம், ஒரு மணி நேரம் வரை. சென்னைத் துறைமுகம், பள்ளிக்கரணை, காரைக்கால், ஸ்ரீஹரிகோட்டா ஆகிய இடங்களின் ரேடார்கள் வட மாவட்டங்களுக்கும் டெல்டாவுக்கும் உதவும். படம் ஏறத்தாழ பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மாறும். முதலில் படத்தில் உள்ள நேரத்தைப் பாருங்கள். அது உலகப் பொது நேரமாக (UTC) இருந்தால் ஐந்தரை மணி நேரம் கூட்டுங்கள். இதைக் கவனிக்காமல் பழைய படத்தைப் பார்த்துக் குழம்புவது மிகச் சாதாரணம்.

அடுத்து நிறம். மழைத்துளிகளில் பட்டுத் திரும்பும் ரேடார் அலையின் வலிமையை நிறம் காட்டும்; அதன் அலகு டிபிஇசட் (dBZ). 30 என்றால் மணிக்கு ஏறத்தாழ 3 மி.மீ., 40 என்றால் 11 அல்லது 12, 50 என்றால் 50 மி.மீ.யை நெருங்கும். 20க்குக் கீழே பெரும்பாலும் தரையைத் தொடாத தூறல். 55க்கு மேல் போனால் ஆலங்கட்டி கலந்திருக்கலாம். இருபது நிமிட இடைவெளியில் இரண்டு படங்களை எடுத்து, மேகத் திரளின் முன்விளிம்பு எவ்வளவு நகர்ந்தது என்று பாருங்கள். 12 கி.மீ. நகர்ந்திருந்தால் வேகம் மணிக்கு 36 கி.மீ. உங்கள் ஊர் 27 கி.மீ. தள்ளி இருந்தால் முக்கால் மணி நேரத்தில் வந்து சேரும், வழியில் அது அழியாமலும் புதிய மேகம் முன்னால் எழாமலும் இருந்தால்.

தவறுகள் எங்கே வரும்? ரேடார் கதிர் நேராகப் போக, பூமி வளைந்து கீழே விலகுகிறது. அரை டிகிரிச் சாய்வில் அனுப்பிய கதிர் 100 கி.மீ. தொலைவில் ஒன்றரை கி.மீ. உயரத்திலும், 200 கி.மீ.யில் 4 கி.மீ. உயரத்திலும் இருக்கும். தாழ்ந்த நவம்பர் மேகம் அதன் அடியில் மறைந்துவிடும். பள்ளிக்கரணை ரேடாரின் அலைநீளம் 3 செ.மீ. அளவில், கனமழைக்குள் அதன் சக்தி உறிஞ்சப்பட்டு, பின்னால் உள்ள மழை மெலிந்து தெரியும். துறைமுக ரேடாரின் அலைநீளம் 10 செ.மீ. அளவில் இருப்பதால் இந்தக் குறை மிகக் குறைவு. தெளிந்த இரவில் அசையாமல் நிற்கும் நிறத்திட்டுகள் மழை அல்ல. கதிர் வளைந்து தரையிலோ கடலிலோ பட்டுத் திரும்புவது.

நேற்றிரவு பெய்த மழை இன்றைய தேதியில் ஏன் பதிவாகிறது?

இந்தியாவில் மழை நாள் காலை 8.30 மணியிலிருந்து மறுநாள் காலை 8.30 வரை. 18ஆம் தேதி மழை என்றால் 17ஆம் தேதி 8.30 முதல் 18ஆம் தேதி 8.30 வரை பெய்தது. காலை 6 மணி முதல் 11 மணி வரை ஒரே மூச்சில் 14 செ.மீ. பெய்தால், அது இரண்டு தேதிகளில் பிரிந்து 7, 7 ஆகப் பதிவாகலாம். பழைய பதிவுகளை ஒப்பிடும்போது இதை மறக்க வேண்டாம்.

வீட்டிலேயே மழை அளக்க என்ன செய்ய வேண்டும்?

ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் நின்றால் 1 மி.மீ. மழை. அடிப்படை அவ்வளவே. விலைக்கு வாங்காமல் செய்ய, வாய் விட்டம் 11.3 செ.மீ. உள்ள புனலையும் ஒரு குடுவையையும் எடுங்கள். அந்த விட்டத்துக்குப் பரப்பு 100 சதுர செ.மீ.; சேர்ந்த நீரை மருந்து அளக்கும் குவளையில் ஊற்றினால் 10 மி.லி.க்கு 1 மி.மீ. விட்டம் 16 செ.மீ. என்றால் 20 மி.லி.க்கு 1 மி.மீ. வேறு அளவென்றால் மி.லி.யைப் பத்தால் பெருக்கி, வாயின் பரப்பால் (சதுர செ.மீ.) வகுக்கவும்.

வைக்கும் இடத்தில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர்மேல் வைத்தால் காற்று துளிகளைத் தள்ளிக்கொண்டு போய்க் குறைவாகக் காட்டும். மரத்தடியில் வைத்தால் முதலில் குறையும், பிறகு சொட்டி நீளும். சுவரோ மரமோ எவ்வளவு உயரமோ, அதைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு தள்ளி, திறந்த தரையில், வாய் 30 செ.மீ. உயரத்தில் கிடைமட்டமாக இருக்கும்படி வையுங்கள். உள்ளே பட்டுத் தெறித்த துளி வெளியே போகாதபடி புனலின் விளிம்பு செங்குத்தாக இருக்கட்டும். அதி கனமழை நாளில் இரண்டு லிட்டருக்கு மேல் சேரலாம் என்பதால் குடுவை பெரிதாக இருக்க வேண்டும், அல்லது நடுவில் ஒருமுறை அளந்து குறித்துக்கொண்டு காலி செய்ய வேண்டும். வெயில் ஏறுவதற்குள், காலை 8.30க்கு அளந்தால் ஆவியாகும் இழப்பும் குறையும், அரசு நிலையத்தின் பதிவோடும் ஒப்பிடலாம்.

தானியங்கி மழைமானி வைத்திருப்பவர்கள் கவனிக்க: உள்ளே இருக்கும் சிறு தொட்டி நிறைந்து கவிழும் ஒவ்வொரு முறையும் எண்ணப்படுகிறது. மழை கொட்டும்போது கவிழும் நொடியில் விழும் நீர் கணக்கில் வராது, அதனால் பெருமழையில் குறைத்தே காட்டும். புனல் துளையில் இலை, குளவிக் கூடு, தூசு அடைத்தால் மழை நின்ற பிறகும் சொட்டுச் சொட்டாக எண்ணிக்கொண்டிருக்கும். பருவமழைக்கு முன் செப்டம்பரிலும், பின்னர் மாதம் ஒருமுறையும் திறந்து துடைத்து, அளந்த தண்ணீரை மெதுவாக ஊற்றி எண்ணிக்கை சரியாக வருகிறதா என்று சோதித்துக்கொள்ள வேண்டும்.

கூரை நீரைச் சேமிப்பவர்களுக்கு: 1000 சதுர அடிக் கூரையில் 1 செ.மீ. மழைக்கு ஏறத்தாழ 930 லிட்டர் விழும். ஓட்டில் நனைந்து ஊறுவதும், முதல் மழையில் கழித்து விடுவதும் போக, ஐந்தில் நான்கு பங்கு தொட்டிக்கு வரும் என்று கணக்கிட்டால் போதும்.